ஏழில் இரண்டைக் கழித்தேன்

இன்று காலை பத்து மணிக்கு சிலிண்டர் கடையிலிருந்து ஆள் வந்திருந்தார். நீங்கள் போன முதல் வாரமே ஆக்சிஜன் மெஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சிலிண்டரை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேலாக அது கட்டிலின் தலைமாட்டில் அப்படியே நின்றது. தரை துடைக்கும்போது அதைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போவேன். தொட்டதில்லை.

எடுத்துப் போகும் முன்னால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எழுதிக்கொள்ள வேண்டுமாம். அந்த ஆள் சாவியைப் போட்டுத் திறந்தார். உஸ்ஸென்று அந்தச் சத்தம். கரண்ட் போன நேரங்களில் எல்லாம் இந்த வீட்டில் கேட்ட சத்தம். கதவைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு மிச்சம் என்று காட்டும் முள் எழுந்து இருபத்து நாலில் நின்றது. எவ்வளவு வேகமாகக் காற்று போகிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய்க்குள் சின்ன குண்டு எழும்பி இரண்டில் நின்றது.

"ரெண்டுலயே வெச்சு ஓட்டிகீறீங்க. அதான் மிச்சம் கீது," என்றார் அவர்.

"இல்லப்பா. கடைசியா நாலுலதான் வெச்சேன்."

"நாலா? திருகு ரெண்டுல நிக்குது பாருங்கக்கா. யாராவது கொறச்சிருப்பாங்க. அதுவா திரும்பாது."

எழுதிக்கொண்டு, சிலிண்டரைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு இன்னும் நாலு வீடு போக வேண்டும். இப்போது மணி மூன்று ஆகிறது. நான் வேலைக்குப் போகவில்லை. அடுப்புப் பற்ற வைக்கவில்லை. ஒரே கணக்கைப் பதினோரு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். அந்தத் திருகு அதுவாகத் திரும்பாது என்றால் அதைத் திருப்பியது யார்? அன்றைக்கு வீட்டில் இருந்தது நீங்கள் ஒருத்தர்தான். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். பதில் வராது என்று தெரியும். தெரிந்தும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

நம் இரண்டு பேரில் கணக்கு உங்களுடையது. நான் அஞ்சாவதோடு நின்றவள். நீங்கள் எட்டாவது. மூன்று வகுப்புதான் வித்தியாசம், ஆனால் நீங்கள் எண்ணைப் பார்த்தால் சும்மா போக மாட்டீர்கள். டைல்ஸ் போடுகிறவருக்கு அப்படித்தான் இருக்க வேண்டுமோ என்னவோ. ஒரு அறைக்குள் காலை வைத்ததுமே எத்தனை பெட்டி கல் வேண்டும், மூலையில் எத்தனை உடையும் என்று சொல்லிவிடுவீர்கள். வீட்டுக்காரர் லேப்டாப்பில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து அதே எண்ணைச் சொல்வார்.

காக்ஸ் டவுன் கடையில் எண்ணெய் வாங்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பாக்கெட்டும் பார்வைக்கு ஒரே உயரம். ஒன்று பத்து ரூபாய் கம்மி. நான் அதை எடுத்துப் பைக்குள் போட்டேன். நீங்கள் வெளியே எடுத்துத் திருப்பினீர்கள்.

"பின்னாடி படிமே. எத்தினி கிராம்?"

"எழுநூத்தி அம்பது."

"அதுல?"

"தொள்ளாயிரத்திப் பத்து."

"பத்து ரூபா மிச்சம்னு நூத்தி அறுவது கிராம் எண்ணெயை வுட்டுட்டு வர்றியே. அந்த நூத்தி அறுவது கிராமு இருவத்தஞ்சு ரூபாய்க்கு மேல ஆவுது. பதினஞ்சு ரூபாய வீதியில போட்டுட்டு, பத்து ரூபா சம்பாரிச்சேன்னு சிரிச்சிகினு வர்ற."

கடைக்காரர் கல்லாவிலிருந்தே எட்டிப் பார்த்தார். "மேஸ்திரி, நீங்க வந்துட்டுப் போனா மட்டும் என் பாக்கெட்டுங்க எல்லாம் குப்புறப் படுத்துக்கினு கீது," என்றார். கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். எனக்குத்தான் வெட்கம். வெளியே வந்து உங்களோடு ஐந்து நிமிடம் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பாக்கெட்டைத் திருப்பாமல் நான் எதையும் வாங்கியதில்லை. சோப்பு நான்கு வாங்கினால் ஒன்று சும்மா என்பான். திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு கட்டியிலும் சுரண்டியிருப்பான். அதையெல்லாம் நான் பார்த்துவிடுவேன். பார்த்த எண்ணைப் பெரியதா சின்னதா என்று சொல்லிவிடுவேன். கூட்டல் வரும், கழித்தல் வரும். பெருக்கலும் வகுத்தலும்தான் எனக்கு எப்போதும் கைக்கு வராது.

தொம்மலூர் வீட்டு வேலையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் உங்களோடு சித்தாளாக வந்துகொண்டிருந்த காலம். நம் மகள் மஞ்சு அப்போது பிறக்கவில்லை. நீங்களும் இன்னொரு மேஸ்திரியும், இரண்டு பேருக்கு ஆறு நாள் வேலை. வீட்டுக்காரர் வந்து, பால் காய்ச்ச நாள் பார்த்தாகிவிட்டது, சீக்கிரம் முடியுங்கள் என்றார். நீங்கள் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டீர்கள். நான் தலையில் கலவைச் சட்டியோடு படியேறி வந்தேன். சும்மா இருக்க மாட்டீர்களே.

"மே, ரெண்டு பேருக்கு ஆறு நாள் வேல. நாலு பேரு போட்டா எத்தினி நாளு?"

"நாலு நாளு."

"எப்டி?"

"ரெண்டு பேரு கூட வராங்க. ரெண்டு நாளு கொறையும்."

கரண்டியைக் கீழே போட்டுவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பு! மற்ற மேஸ்திரிகளும் சேர்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் எனக்குப் பெயரே 'நாலு நாள் மேடம்'. டீ வந்தால் "நாலு நாள் மேடத்துக்கு மொதல்ல குடு" என்பீர்கள். நான் சட்டியைத் தூக்கி உங்கள் மேலேயே கவிழ்த்துவிடலாமா என்று நினைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு ஒரு பெட்டியைப் பிரித்தீர்கள். இரண்டடிக்கு இரண்டடி கல், பெட்டிக்கு நான்கு. நான்கையும் ஒரே வரிசையாக வைத்தீர்கள். எட்டடி நீளம் போயிற்று. அப்புறம் எடுத்து இரண்டு இரண்டாக, இரண்டு வரிசையாக வைத்தீர்கள். நாலடியோடு நின்றுவிட்டது.

"பெட்டியில கீற கல்லு அதேதான். அகலத்த ரெண்டு மடங்கா பண்ணா நீளம் பாதியாப் பூடும். கழிக்கக்கூடாதுமே. பாதியாக்கணும். நாலு பேரு போட்டா மூணு நாளு."

புரிந்தது என்று தலையாட்டினேன். பசி. வீட்டுக்குப் போக வேண்டும். உண்மையில் புரிந்ததா என்று இன்றைக்கு என்னையே கேட்டுக்கொள்கிறேன். என் வேலை சமையல். சமையலில் இரண்டு பேர் கூட வந்தால் இரண்டு பிடி அரிசி கூடப் போடுவேன். இரண்டு பேர் வராவிட்டால் இரண்டு பிடி எடுத்துவிடுவேன். முப்பது வருஷமாக அந்தக் கணக்கு என்னை ஒரு நாளும் கைவிட்டதில்லை. அதனால் உலகத்தில் எல்லாம் அப்படித்தான் என்று என் மனசின் அடியில் எங்கேயோ இருந்திருக்கிறது.

கல் அறுக்கிற மெஷினிலிருந்து வரும் வெள்ளைத் தூசி உங்கள் புருவத்தில், காது மடலில், சட்டைப் பையில் எல்லாம் இருக்கும். உள்ளேயும் போய் உட்கார்ந்திருக்கிறது என்று நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்த பிறகுதான் தெரிந்தது. டாக்டர் ஆக்சிஜன் வைத்துக்கொள்ளச் சொன்னார். மஞ்சு ஒசூரிலிருந்து வந்து மெஷினை வாடகைக்கு ஏற்பாடு செய்து கொடுத்தாள். மெஷின் கரண்டில் ஓடும். கரண்ட் போனால் என்ன செய்வது என்று சிலிண்டரும் ஒன்று வந்தது.

சிலிண்டர் வந்த அன்று உங்கள் முகத்தில் ஒரு களை வந்ததே, அதை மறக்க முடியாது. அளக்க ஒரு புதுப் பொருள் கிடைத்துவிட்டது. டாக்டர் இரண்டில் வைக்கச் சொல்லியிருந்தார். முதல் தடவை கரண்ட் போனபோது எதிர்ச் சுவரில் இருக்கும் கடிகாரத்தையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். மூன்றரை மணி நேரம் கரண்ட் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னீர்கள்.

"ஒரு மணிநேரத்துக்கு பன்னெண்டு எறங்குது. அடுத்த மணிநேரத்துக்கும் அதே பன்னெண்டு. மனசுல வெச்சுக்க. நூத்தம்பதுல ஆரம்பிச்சுது, இப்ப நூத்தி எட்டு கீது. இன்னும் ஒம்போது மணிநேரம் வரும்."

இன்னொன்றும் கற்றுக் கொடுத்தீர்கள். உங்கள் மூச்சை எண்ணுவது. கடிகாரத்தின் பெரிய முள் ஒரு கோடு நகர்வதற்குள் நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று. சாதாரணமாக இருபத்தாறு, இருபத்தெட்டு. முப்பத்தைந்தைத் தாண்டினால் நாலுக்கு ஏற்று, அப்படியும் அடங்கவில்லை என்றால் கொண்டு வந்துவிடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் காய் நறுக்கிக்கொண்டே எண்ணுவேன். சில நாள் நீங்கள் வேண்டுமென்றே மூச்சை அடக்கி என் எண்ணிக்கையைக் குழப்புவீர்கள். "தப்பா எண்ணிட்ட, மறுபடி," என்பீர்கள். திட்டுவேன்.

எனக்கு நீங்கள் அதிகம் சொன்ன வார்த்தை எது தெரியுமா? தப்பு. பால் கணக்குத் தப்பு. பஸ் மாறி ஏறுவதில் எது சீக்கிரம் என்றால் தப்பு. புடவைக்கு இருபது பர்சன்ட் தள்ளுபடி என்றால் எவ்வளவு என்று கேட்பீர்கள், நான் சொல்வது தப்பு. கல்லைச் சாய்வாகப் போட்டுவிட்டால் சிமெண்ட் காய்வதற்குள் பெயர்த்து எடுத்துவிடுவீர்களே, அதே மாதிரி. முகம் பார்க்க மாட்டீர்கள்.

அந்த நாள்.

காலை பத்திலிருந்து சாயங்காலம் ஐந்து வரை நம் ஏரியா ஜீவனஹள்ளி முழுக்கக் கரண்ட் இருக்காது என்று முந்தின நாளே மெசேஜ் வந்திருந்தது. முள் நூற்று எட்டில் இருந்தது. "ஒம்போது மணிநேரம் கீது. ஏழுதான் வேணும். தாராளம்," என்றீர்கள். பத்தேகாலுக்குத்தான் கரண்ட் போயிற்று. குழாயை மாற்றி இரண்டில் வைத்தேன்.

பன்னிரண்டுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது உங்களுக்கு மூச்சு ஏறியது. எண்ணினேன். முப்பத்தெட்டு. திருகைத் திருப்பினேன். குண்டு நாலில் போய் நின்றது. உங்கள் முதுகை நீவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் முப்பத்திரண்டு ஆயிற்று. அப்புறம் இருபத்தெட்டு. கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டீர்கள்.

அதற்குள் போன் அடித்தது. நான் சமைக்கிற அல்சூர் வீட்டு அம்மா. அந்த மாதத்தில் மூன்று நாள் லீவு போட்டிருந்தேன். அன்று அவர்கள் வீட்டில் விருந்தாட்கள். "எனக்கும் வேற வழி தெரியலம்மா. இன்னிக்கும் வரலன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. உங்கள் வேலை நின்று ஒரு வருஷம். என் வேலையும் போனால் மெஷின் வாடகைக்கு மஞ்சுவையேதான் கேட்க வேண்டும்.

நீங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள்.

நான் சிலிண்டர் முன்னால் போய் நின்றேன். முள் எண்பத்து நாலில் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் கேட்காமல், நானாக, சத்தமாகக் கணக்குப் போட்டேன்.

"எம்பத்தி நாலு. மணிக்கு பன்னெண்டுன்னா ஏழு மணிநேரம். ரெண்டு ஏத்திட்டேன், ரெண்டு மணிநேரம் போச்சு. ஏழுல ரெண்டு போனா அஞ்சு. இப்ப பன்னெண்டு. பன்னெண்டுலேர்ந்து அஞ்சு மணிநேரம்... அஞ்சு மணி! இன்னாங்க, கரெக்டா கரண்ட் வர்ற வரைக்கும் வருது! சரியா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். மூச்சு வாங்குகிறது, அதனால் பேச நேரமாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி," என்றீர்கள்.

"நெசமா?"

"சரின்னுதானே சொல்றேன். போ. பஸ்ஸு பூடும்."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? செருப்பைப் போட்டுக்கொண்டே, "நாலு நாள் மேடம்னு சிரிச்சீங்களே, இப்ப பாத்தீங்களா?" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "போய்ட்டு வாங்க மேடம்," என்று கையைத் தூக்கிக் காட்டினீர்கள். தண்ணீர், போன் இரண்டையும் உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். பக்கத்து வீட்டு மேரியக்காவிடம் நடுவில் ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனேன். இரண்டு மணிக்குப் பார்த்தாராம். நீங்கள் தலையணையை மடியில் வைத்து அதன் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தீர்களாம். என்ன மேஸ்திரி என்று கேட்டதற்கு ஒன்றும் இல்லை என்று கையை ஆட்டினீர்களாம்.

அங்கே நான் பன்னிரண்டு பேருக்குச் சமைத்தேன். கை தானாக ஓடியது. பூரிக்கு மாவு பிசையும்போதுகூட என் கணக்கைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணி. ஐந்து மணி.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வாசலுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றும்போதே கரண்ட் வந்து மெஷின் பீப் என்றது. ஓடி வந்து குழாயை மெஷினில் மாட்டினேன். சிலிண்டரைச் சாவி போட்டு மூடினேன். மூடும்போது முள்ளை மட்டும் பார்த்தேன். இருபத்து நாலு. குண்டு எந்த எண்ணில் நின்றது என்று பார்க்கவில்லை. "இன்னாங்க, மிச்சம்கூட கீது!" என்று கத்தினேன். என் கணக்குப்படி அந்த நேரத்துக்கு ஒன்றும் மிச்சம் இருக்கக்கூடாது. அது எனக்குத் தோன்றவே இல்லை. மிச்சம் இருந்தால் நல்லதுதானே என்று நினைக்கிற புத்தி என் புத்தி.

உங்கள் நகம் எல்லாம் நீலமாக இருந்தது. வெளியே தூறிக்கொண்டிருந்த மழைக் குளிர் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன். மூச்சை எண்ணியிருக்க வேண்டும். எண்ணவில்லை. நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள். மூன்று தவணையாகச் சொன்னீர்கள். "உன் கணக்கு... சரியா... போச்சு மே."

மறுநாள் காலையில் உங்களால் தலையைத் தூக்க முடியவில்லை. ஆட்டோவில் கொண்டு போனோம். நான்காம் நாள் போய்விட்டீர்கள். "நுரையீரலே கல்லு மாதிரி ஆயிடுச்சும்மா. யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது," என்றார் டாக்டர். அதைப் பிடித்துக்கொண்டேன். அதோடு இன்னொன்றையும் பிடித்துக்கொண்டேன். அன்று ஏழு மணி நேரமும் உங்களுக்கு மூச்சுக்குக் குறையில்லாமல் வைத்தேன் என்பதை. வந்தவர்கள் போனவர்கள் எல்லாரிடமும் சொன்னேன். மஞ்சுவிடம் சொன்னேன். "அப்பா அன்னிக்கு அல்லாடலடி. நாலுல வெச்சுட்டுதான் போனேன். பத்துச்சு." அவள் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அழுகையை நிறுத்தினாள்.

இன்று அந்த ஆள் போன பிறகு, 'அதுவா திரும்பாது' என்ற சொல் என்னை உட்காரவிடவில்லை. நம் வீட்டுத் தரை உங்களுக்குத் தெரியாதா, ஊரில் இருக்கிற வீடுகளில் மிஞ்சிய கல் எல்லாம் போட்ட தரை. கறுப்பு ஒன்று, பூப்போட்டது ஒன்று, பச்சை ஒன்று. அதன் மேல் சுண்ணாம்பால் எழுதினேன். முள் எண்பத்து நாலு, இரண்டில் வைத்தால் ஏழு மணி நேரம். ஒரு கல் ஒரு மணி நேரம் என்று ஒரே வரிசையில் ஏழு கல்லைக் குறித்தேன். இப்போது நாலில் வைத்தேன், அப்படியென்றால் இரண்டு வரிசை. அதே ஏழு கல்லை இரண்டு வரிசையாகப் பிரித்தேன். வரிசைக்கு மூன்றரை வந்தது.

மூன்றரை. பன்னிரண்டும் மூன்றரையும். சாயங்காலம் மூன்றரை மணிக்கே முள் கீழே படுத்திருக்க வேண்டும். ஐந்து வரைக்கும் எப்படி வந்தது? வந்ததோடு மிச்சமும் எப்படி?

கையை வைத்துத் தேய்த்து அழித்தேன். இரண்டில் இருந்திருந்தால்? ஐந்து மணி நேரம், மணிக்குப் பன்னிரண்டு, அறுபது. எண்பத்து நாலில் அறுபது போனால் இருபத்து நாலு.

ஒரு கோடு கூட ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதே இருபத்து நாலு.

அப்போதும் விடவில்லை. ஒருவேளை நான் போய் அரை மணி நேரம் கழித்துக் குறைத்திருப்பீர்களோ, அரை மணி நேரமாவது நன்றாக மூச்சு விட்டிருப்பீர்களோ என்று அதையும் போட்டேன். அரை மணி நேரம் நாலில் இருந்திருந்தால் முள் பதினெட்டில் நின்றிருக்கும். பதினெட்டில் இல்லை. கால் மணி நேரம் என்று போட்டேன். இருபத்தொன்று வருகிறது. அதுவும் இல்லை. நான் கேட்டைத் தாண்டியதும் குறைத்திருக்கிறீர்கள். என் செருப்புச் சத்தம் தெரு முனைக்குப் போவதற்குள்.

முப்பத்தெட்டு தடவை மூச்சு வாங்கிய மனிதன். நாலில் வைத்ததும் அடங்கிய மூச்சு. அதை மறுபடி நீங்களே கையால் திருப்பி, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, ஐந்து மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் போட்ட தப்புக் கணக்கு ஐந்து மணிக்குச் சரியாக வர வேண்டும் என்பதற்காக.

ஏன் சொல்லவில்லை? பால் கணக்குக்குச் சொன்னீர்கள். எண்ணெய்க்குக் கடை நிறைய ஆட்கள் முன்னால் சொன்னீர்கள். இதற்கு ஏன் சொல்லவில்லை? போன் கையெட்டும் தூரத்தில் இருந்தது. மூன்று எழுத்துத்தானே. தப்பு என்று சொல்லியிருந்தால் நான் செருப்பைக் கழற்றியிருப்பேன். வேலை போனால் போகட்டும் என்று ஆட்டோ பிடித்திருப்பேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் முன்னால் போயிருப்போம். ஒரு நாள் முன்னால் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாராலும் ஒன்றும் முடியாது என்று டாக்டர் சொன்னார். ஆனால் அவருக்கு இந்த ஐந்து மணி நேரம் தெரியாது. நான் சொல்லவில்லை. எனக்கே தெரியாதே.

என் வேலை போய்விடும் என்று நினைத்தீர்களா? ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நினைத்தீர்களா? இல்லை, நான் அத்தனை சந்தோஷமாக நின்றதைப் பார்த்து வாய் வரவில்லையா? ஒவ்வொன்றையும் வைத்துப் பார்க்கிறேன். இதில் மட்டும் எது சரி என்று எனக்கு வரவில்லை. முதல் இரண்டில் எதுவானாலும் நான் தாங்குவேன். என் சந்தோஷத்துக்காக என்று மட்டும் இருக்கக்கூடாது. அப்படி இருந்தால் நான் எங்கே போய் நிற்பது?

ஒரு மணிக்கு மஞ்சு போன் செய்தாள். கம்பெனியில் சாப்பாட்டு நேரம். தினமும் செய்வாள்.

"சாப்ட்டியாம்மா?"

"சிலிண்டர எடுத்துனு போயிட்டாங்க."

"நல்லதாச்சு வுடு. அத பாத்துக்கினே இருந்தா உனக்கும் அதே நெனப்பு." அப்புறம் அவள் எப்போதும் சொல்வதைச் சொன்னாள். "அன்னிக்கு நீ நாலுல வெச்சது நல்லதாப் போச்சும்மா. அதான் எனக்கு ஒரே ஆறுதல்."

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள். நன்றாகத் தெரிகிறது. அவள் ஆறுதலை அப்படியே விட்டிருப்பீர்கள். எனக்கு அந்தத் தெம்பு இல்லை. தப்பைச் சரி என்று சொல்லிவிட்டு அதற்குப் பிறகு உட்கார்ந்து மூச்சு விட என்னால் ஆகாது.

"மஞ்சு, நான் அன்னிக்குப் போட்ட கணக்கு தப்புடி."

"எந்தக் கணக்கு?"

"பன்னெண்டு மணிக்கு முள்ளு எம்பத்தி நாலு. அஞ்சு மணிக்கு வந்து பாக்கறேன், இருவத்தி நாலு. மணிக்குப் பன்னெண்டுதான் எறங்கியிருக்கு. திருகு ரெண்டுல நின்னுச்சு இன்னிக்கு."

அவள் கம்பெனியில் பீஸ் எண்ணுகிற வேலை பார்க்கிறாள். உங்கள் மகள். நான் முடிப்பதற்குள் அவளுக்கு விடை வந்துவிட்டது.

"அஞ்சு மணி நேரமாம்மா?"

"அஞ்சு மணி நேரம்."

"அவரா கொறச்சாரா?"

"வேற யாரு கீறாங்க வீட்ல?"

அங்கேயே, எல்லாரும் சாப்பிடுகிற இடத்தில், அவள் அழுதாள். யாரோ ஒரு பெண் கன்னடத்தில் ஏனாய்த்து, ஏனாய்த்து என்று, என்ன ஆச்சு என்று, கேட்டுக்கொண்டே இருந்தாள். மஞ்சு என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாளைக்குக் காலையில் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

யாரிடமாவது சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். நானும் அதை நம்பித்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். சிமெண்ட் மூட்டையை நான் ஒருத்தியாகத் தூக்கப் போனால் நீங்கள் ஓடி வந்து அடுத்த முனையைப் பிடிப்பீர்கள். சட்டென்று பாதி எடை போய்விடும். இதில் அப்படி ஆகவில்லை. எனக்கு இருந்தது ஒரு பிடி கூடக் குறையாமல் எனக்கே இருக்கிறது. மஞ்சுவுக்கும் முழுசாகப் போயிருக்கிறது.